ஓவர்லோடு வந்தால் ஒரு பம்பை நிறுத்துவதா, எல்லாவற்றையும் குறைப்பதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை எனக்கு ஊர். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, வெளிநாட்டில் மின்சாரத்தில் ஓடும் ஃப்ராக்கிங் பம்புகளைக் (மணல் கலந்த தண்ணீரை அழுத்தமாகக் கிணற்றுக்குள் செலுத்தி, பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்க உதவுபவை) கவனிக்கும் வேலைக்குப் போகிறேன். எட்டுப் பம்பு, மூன்று கேஸ் டர்பைன். லோடு தாங்காவிட்டால் ஒரு பம்பை நிறுத்தலாமா?

பதில்: லோடு மெதுவாக ஏறும்போது நிறுத்த வேண்டாம் தம்பி. எட்டுப் பம்புகளின் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

பம்பு கேட்கும் மின்சாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அழுத்தத்தை ‘பார்’ (bar) என்ற அலகில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதோடு பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 600 பார், 15,000 லிட்டர் என்றால் 15 மெகாவாட். இது தண்ணீருக்குப் போய்ச் சேருவது மட்டும். பம்பு, மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், டிரான்ஸ்ஃபார்மர் தின்பதையும் சேர்த்தால் ஜெனரேட்டரில் 17, 18 மெகாவாட் ஆகிவிடும். அதே ஓட்டத்தில் அழுத்தம் 50 பார் கூடினால் தண்ணீருக்கே இன்னும் ஒன்றேகால் மெகாவாட் வேண்டும். யாரும் எதையும் தொடாமலே லோடு ஏறுவது இப்படித்தான்.

வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் குறையும். குழாயில் உராய்வு குறைவதால் அழுத்தமும் இறங்கும். அதனால் ஓட்டத்தில் 5 சதவீதம் விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் அதைவிடக் கூடுதலாக மிச்சமாகும். ஒரு பம்பை நிறுத்தினாலோ எட்டில் ஒரு பங்கு ஓட்டம் சட்டென்று போய்விடும். கிணற்றுக்குள் மணல் போகிற நேரமாக இருந்தால் அது ஆபத்து. மணல் படிந்து அடைத்துக்கொண்டால் அதை எடுப்பதற்குள் நாட்கள் போய்விடும்.

டர்பைன் ஒன்று திடீரென்று நின்றுபோனால் நிலைமை வேறு. அப்போது யோசிக்க நேரமில்லை. அதிர்வெண் இறங்கிய கணத்திலேயே டிரைவ்கள் தாமாகச் சுமையை இறக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் முன்பே குறித்து வைத்த பம்புகள் தாமாக நிற்க வேண்டும். மணலும் தண்ணீரும் கலக்கும் பிளெண்டர், அதற்குத் தண்ணீர் தரும் பம்பு, கன்ட்ரோல் கேபின் மூன்றும் அந்தப் பட்டியலில் வரவே கூடாது. மொத்த லோடில் இவற்றின் பங்கு சிறியது. ஆனால் பிளெண்டர் நின்றால் பெரிய பம்புகளுக்கு உறிஞ்ச ஒன்றும் இருக்காது. வேலை தொடங்கும் முன் இந்த வரிசையை கன்ட்ரோலரில் சோதித்துப் பாருங்கள்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். டர்பைனின் பெயர்ப்பலகையில் இருக்கும் மெகாவாட் பொதுவாக 15 டிகிரிக்கானது. நம் பாலக்காட்டுக் கோடை மாதிரி 40 டிகிரி என்றால் 15 சதவீதம், சில மாடல்களில் அதற்கு மேலும் குறையும். திட்டம் போடும்போது மதிய நேரத்து அளவையே எடுங்கள்.

ஊரில் போர்வெல் மோட்டாரைப் போட்டதும் வீட்டு லைட் மங்குமே, அந்த வேலையை இங்கே டிரைவ் தடுத்துவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு சப்ளை கொடுக்கும்போதும் பெரிய கரன்ட் இழுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

அப்புறம், பலரும் மறப்பது எதிர்ப்பக்கத்தை. கிணறு அடைத்து அழுத்தம் எல்லை தாண்டினால் எட்டுப் பம்பும் ஒரே நேரத்தில் டிரிப் ஆகும். 17 மெகாவாட் ஒரு நொடியில் காணாமல் போனால் டர்பைன் வேகம் எகிறி அதுவும் டிரிப் ஆகலாம், பிளெண்டரும் இருட்டிவிடும். ஆகவே பம்புகளின் டிரிப் அழுத்தத்தை, கிணற்றுக்கு அனுமதித்த எல்லைக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று சில பார் வித்தியாசத்தில் வையுங்கள்.