டேப்லெட்டில் தெரியும் தூணை நம்பி மார்க்கிங் போடலாமா? சர்வே, ஏ.ஆர் கேள்வி பதில்

சைட்டில் அளவு எடுக்கும் வேலையே என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். ஏ.ஆர் என்பது கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தைப் போட்டுக் காட்டும் நுட்பம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் கட்டாத தூண்கள் அந்தந்த இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. அதைப் பார்த்தே தரையில் மார்க்கிங் போட்டால் என்ன?

போடாதீர்கள். டேப்லெட் தன் இடத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. கேமராவில் படும் சுவர் மூலை, தரைப் புள்ளிகள், உள்ளிருக்கும் அசைவு உணரிகள் இவற்றை வைத்துத்தான் அந்த ஊகம். நீங்கள் நடக்க நடக்கச் சிறுசிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். அதைவிட மோசம் திசைப் பிழை. 1 டிகிரி திரும்பியிருந்தாலே 10 மீட்டர் தூரத்தில் 17 செ.மீ. தள்ளிக் காட்டும், 50 மீட்டரில் 87 செ.மீ. தூணுக்கோ சில மில்லிமீட்டருக்கு மேல் விட முடியாது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி டோட்டல் ஸ்டேஷன். 5 விநாடி (ஒரு டிகிரிக்கு 3600 விநாடி) கோணத் துல்லியமுள்ள கருவியின் கோணப் பிழை 100 மீட்டரில் இரண்டரை மி.மீ. அளவுதான். மார்க்கிங்கை அதில் போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஏ.ஆர் வெறும் வேடிக்கைதானா?

இல்லை, அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது: விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது. ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் கம்பி கட்டி முடித்ததும் கட்டிடத்தின் முப்பரிமாணக் கணினி மாடலை அதன் மேல் போட்டுப் பாருங்கள். பைப் போக வழிவிடும் உறைக்குழாய் (ஸ்லீவ்) ஒன்று வைக்காமலே இருந்தால் உடனே கண்ணில் படும். இங்கே படம் 3 செ.மீ. நகர்ந்திருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் பொருளே அங்கு இல்லை! பத்து டிராயிங்கைப் புரட்டி ஒப்பிடும்போது தப்பிவிடுவது இதில் தப்பாது. கான்கிரீட் இறுகிய பிறகு தெரிந்தால் கான்கிரீட்டைத் துளைபோடும் கோர் கட்டிங்தான், கூடவே கம்பியும் வெட்டுப்படலாம்.

மாடல் ரொம்ப நகர்ந்தால், டோட்டல் ஸ்டேஷனில் இடம் குறித்த அடையாள அட்டைகளைத் தளத்தில் ஆங்காங்கே ஒட்டி, அவ்வப்போது அதைப் பார்த்து மாடலைத் திரும்பப் பொருத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. மண்ணுக்கடியில் போகும் பைப்பையும் கேபிளையும் ஏ.ஆர் அழகாகக் காட்டும். அது காட்டுவது பழைய டிராயிங்கில் உள்ள இடத்தை. பைப் நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கையால் குழி வெட்டிப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்க வேண்டாம்.

கேள்வி: ஆர்டிகே ரிசீவரில் (செயற்கைக்கோள் வழியே துல்லியமாக இடம் காட்டும் கருவி) எடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள தூரம் டோட்டல் ஸ்டேஷன் தூரத்தோடு ஒத்துவரவில்லை. 500 மீட்டருக்கு 20 செ.மீ. குறைகிறது. ரிசீவர் கெட்டுவிட்டதா?

இரண்டுமே சரியாகத்தான் இருக்கின்றன. நீங்கள் யூடிஎம் ஆயத்தொலைவுகளில் (உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டைக் கட்டத்தில் காட்டும் முறை) வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன் நடு தீர்க்கக்கோட்டில் அளவுக்காரணி 0.9996, அதாவது தரையில் 1 கி.மீ. இருந்தால் கட்டத்தில் 40 செ.மீ. குறைவு. உங்கள் கணக்கு அதோடு அப்படியே பொருந்துகிறது. நடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக இந்த வித்தியாசம் மாறும். அதனால் வேலை தொடங்கும்போதே சைட்டுக்கென்று ஒரு உள்ளூர் கட்டத்தை அமைத்து, எல்லாக் கருவியிலும் அதையே ஏற்றிவிடுங்கள். டிராயிங் போடுபவருக்கும் சொல்லிவிடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் குழப்பம் ஆரம்பிக்கும்.

உயரத்திலும் இதே கதை. ரிசீவர் முதலில் தருவது, பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்துக்கொண்ட நீள்கோளத்திலிருந்து எடுத்த உயரம். கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு, அதிலிருந்து உலகில் சில இடங்களில் 100 மீட்டருக்கு மேலும் விலகி நிற்கிறது. ஜியாய்டு மாடல் ஏற்றாமல் லெவல் எடுத்தால் பெஞ்ச்மார்க்கோடு (உயரம் தெரிந்த குறி) ஒட்டவே ஒட்டாது. ஏற்றினாலும் ஆர்டிகேயில் உயரம், கிடைமட்ட அளவைவிடச் சுமாராகத்தான் வரும். தள மட்டத்துக்கு, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ட்ரோனிலேயே ஆர்டிகே இருக்கிறது. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளி (இடம் துல்லியமாக அளந்த குறி) வைக்கணுமா?

வையுங்கள். சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென்று தனியே ஒதுக்குங்கள். அவை ஒத்துவந்தால்தான் மண் வெட்டிய கன அளவை நம்பலாம்.

கேள்வி: ஏ.ஆர் கண்ணாடி ஹோலோலென்ஸ் 2 வாங்கலாமா?

2019-இல் வந்தது, 2024-இல் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. புதிதாக அதில் பணம் போட மாட்டேன். எந்தக் கண்ணாடியானாலும் சரி, போட்டுக்கொண்டு தளத்தின் விளிம்போரம் நடக்காதீர்கள்.

கேள்வி: அண்ணே, இப்போதுதான் சர்வே வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஏ.ஆர் முதலில் கற்கவா, பிம் மாடல் (கட்டிட விவரங்கள் அடங்கிய முப்பரிமாண மாடல்) கற்கவா?

இரண்டும் அப்புறம் தம்பி. முதலில் பின்நோக்கு, அதாவது இடம் தெரிந்த புள்ளியைக் கருவியில் திரும்பப் பார்த்துச் சரிபார்க்கப் பழகு. ஒருமுறை, டோட்டல் ஸ்டேஷனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் உடைந்ததால் நாங்கள் வேறொன்றை மாற்றினோம். கருவியில் அதன் மாறிலியை (தூரக் கணக்கில் சேர்க்கும் திருத்தம்) மாற்ற மறந்தது நான்தான். அன்று குறித்த போல்ட் புள்ளிகள் எல்லாமே 30 மி.மீ. தள்ளிப்போயின. கருவி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. பின்நோக்கைச் சரிபார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். முந்தின நாள் போட்ட கோட்டோடு மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்து, "சார், உதைக்குதே" என்றார்.