டீச்சரிடம் கேளுங்கள்: "நீ எழுதலைன்னு மெஷின் சொல்லுது!"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாட்ஜிபிடி பற்றித்தான். நான் தமிழ்த் துறைக்காரி, கம்ப்யூட்டர் என் பாடமில்லை. 27 வருட வகுப்பறையை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். மூன்று நாள் உட்கார்ந்து நானே எழுதிய அசைன்மென்ட்டை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு, "78 சதவீதம் ஏ.ஐ." என்கிறார் எங்கள் மேடம். இன்டர்னல் மார்க் போய்விடுமா?
- ஒரு மாணவி, கோவில்பட்டி

அழாதே. அந்த 78 ஓர் ஊகம், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று சுலபமாகக் கணிக்க முடிந்தால், "இது மெஷின் எழுதியது" என்று பெரும்பாலும் சொல்லிவிடும் அந்த மென்பொருள். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள் தப்பு வந்துவிடக் கூடாதே என்று தனக்கு நன்றாகத் தெரிந்த சொல்லைத்தானே போடுவாள்? அங்கேதான் மாட்டுகிறாள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலப் புலமைத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளுக்கு "ஏ.ஐ." முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவை அநேகமாக எல்லாமே தப்பித்துவிட்டன. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டது.

உன் ரஃப் நோட்டைத் தூக்கிப் போடாதே. கூகுள் டாக்ஸில் அடித்திருந்தால் அதன் வெர்ஷன் ஹிஸ்டரியில் மூன்று நாளும் நீ சேர்த்தது, அழித்தது எல்லாம் தேதியோடு இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், "பத்து நிமிஷம் இதிலிருந்து என்னைக் கேள்வி கேளுங்க மேடம்" என்று சொல். கோபமாகப் பேசாதே.

"யுஜிசி 10 சதவீதம்தான் அனுமதிச்சிருக்கு" என்று அவர் சொன்னால், அது வேறு சமாச்சாரம். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (அதுதான் யுஜிசி) கொண்டுவந்த அந்த விதி, ஆய்வேடு போன்றவை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பற்றியது. இரண்டும் சதவீதக் கணக்கில் வருவதால் பல ஸ்டாஃப் ரூம்களில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எங்கள் ஸ்டாஃப் ரூமும் விலக்கில்லை.

வகுப்பில் 60 பேர். எல்லா அசைன்மென்ட்டும் ஒரே நடை. யாரைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது?
- ஒரு கௌரவ விரிவுரையாளர், தஞ்சாவூர்

பிடிப்பதை விட்டுவிட்டேன் நான். போன செமஸ்டரில் 42 அசைன்மென்ட் வந்தன. அதில் பதினொன்றில் "குறுந்தொகை 437ஆம் பாடல்" மேற்கோள். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தையும் சேர்த்தாலே 402தான்! ஒருவன் மெஷினிடம் வாங்கியதை வாட்ஸ்அப் குரூப்பில் மற்றவர்களுக்குப் பந்தி வைத்திருக்கிறான். பாட்டைப் படித்தால் தலைவி "என் இதயம்" என்று புலம்புகிறாள். நெஞ்சம் என்றல்லவா சொல்வாள் சங்கத் தலைவி? எழுதியவர் கபிலராம். பாவம் கபிலர், யார் பெற்ற பிள்ளையானாலும் அவர் தலையில்தான் விழுகிறது.

திட்டவில்லை. 1937இல் உ.வே.சா. முதலில் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அதை மேசையில் வைத்து, "437ஐ எடுத்துக் காட்டுப்பா" என்றேன். கடைசிப் பக்கம் வரை புரட்டிய பையன் அசராமல் சொன்னான்: "பின்னாடி கிழிஞ்சிருக்கும் போல மிஸ்."

இப்போது அசைன்மென்ட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன். ஏ.ஐ. பயன்படுத்தினாயா, எதற்கு, என்ன கேட்டாய்? மேற்கோள் எடுத்த பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஒட்ட வேண்டும். அப்புறம் ஆளுக்கு மூன்று நிமிடம் எதிரே உட்கார வைத்து, அவர்கள் எழுதியதிலிருந்தே கேட்பேன். உங்கள் 60 பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். 60 அசைன்மென்ட்டையும் நிஜமாகவே படிப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும் (படிக்கிறோமா என்பது நமக்குள் இருக்கட்டும்).

"முன்னுரை எழுத வரலை மிஸ், அதுக்கு மட்டும் கேட்டேன்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மார்க்கைக் குறைக்கவில்லை. குறைத்தால் அடுத்த தடவை ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டார்கள். வகுப்பில் முன்னுரை எழுதச் சொல்லிக் கொடுக்காதது யார் குற்றம்?

இன்னொன்று. ஏ.ஐ. வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று புலம்பாதீர்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரெடிமேட் ப்ராஜெக்ட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கிவந்த தலைமுறைக்கும் நாம்தான் கையெழுத்துப் போட்டோம்.

மகள் இன்ஜினீயரிங் படிக்கிறாள். சந்தேகம் எல்லாவற்றையும் அதிலேயே கேட்கிறாள். நல்லதா, கெட்டதா?
- ஒரு தந்தை, ஆம்பூர்

சந்தேகம் கேட்பது நல்லதுதான் ஐயா. ஒரு நாள் ராத்திரி போனை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று படித்ததை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. எங்கே திக்குகிறாள் என்று மட்டும் பாருங்கள்.

விடைத்தாளை ஏ.ஐ.யில் போட்டு மார்க் போடலாமா? வினாத்தாள் தயாரிக்கலாமா?
- ஓர் உதவிப் பேராசிரியர், சேலம்

பிள்ளைகளின் பெயர், பதிவு எண், மார்க் எதையும் அதற்குள் போடாதீர்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் விவரத்தை வெளியே கொடுக்க நமக்கு உரிமையில்லை. மார்க்கை நீங்களே படித்துப் போடுங்கள். நாளைக்கு ஒரு பையன், "எனக்கு ஏன் சார் ஆறு மார்க்?" என்று வந்து நின்றால் மெஷினையா கை காட்டுவீர்கள்?

வினாத்தாள் நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பத்துக் கேள்வியில் மூன்று எங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை, ஒன்றுக்கு விடையே கிடையாது. தூக்கிப் போட மனசில்லாமல் அப்படியே வகுப்பில் கொடுத்து, "இதில் எதெல்லாம் தப்பு, ஏன்?" என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பீரியட் அது. ஒருத்தரும் தூங்கவில்லை.