ஈறும் இதயமும்: ஒரு பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ஈறு நோய் இருந்தால் ஹார்ட் அட்டாக் வரும் என்று வாட்ஸப்பில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. உண்மையா டாக்டர்?

பதில்: முதலில் தூங்குங்கள். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். 1989-ல் பின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களின் வாயையும் வராதவர்களின் வாயையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் பற்கள்தான் மோசமாக இருந்தன. ஆனால் பீடி குடிப்பவருக்கு ஈறும் கெடும், ரத்தக்குழாயும் கெடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் அதே கதை. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கொஞ்சம் தொடர்பு மிஞ்சுகிறது. நாள்பட்ட ஈறு அழற்சி உடம்பு முழுக்க அழற்சியைக் கூட்டுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மாரடைப்பு குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் வெளிப்படையாகச் சொன்னது.

உங்கள் ஈறுக்கு வருவோம். ரத்தம் வருகிறதே என்று பயந்து பலர் அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுகிறார்கள். அங்கே அழுக்கு சேர்ந்து ரத்தம் இன்னும் கூடும். மென்மையான பிரஷ் வாங்கி, அந்த இடத்தையும் விடாமல் தேயுங்கள். காரை படிந்திருந்தால் பிரஷ்ஷுக்கு அசையாது, க்ளீனிங்தான் வழி.

கேள்வி: எங்கள் ஊர் க்ளினிக்கில் "இதயம் காக்கும் க்ளீனிங்" என்று பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். சேரலாமா?

பதில்: க்ளீனிங் பல்லைக் காக்கும். அதற்காகச் செய்துகொள்ளுங்கள், அதற்குரிய காசை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற குட்டிக் குழல் வைத்து 4 மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். ரத்தம் நிற்காது, ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் 5 நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்கள். நிறுத்தலாமா மேடம்?

பதில்: வேண்டாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அல்ல. புதிதாக வைத்த ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு. பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்வோம், தேவைப்பட்டால் தையல் போடுவோம். வாயில் வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஸ்டென்டுக்குள் உறைவது இரண்டுமில்லை. மாத்திரையை மாற்றுவதென்றால் ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல் அவசரம் இல்லையென்றால் சில மாதம் தள்ளிப்போடலாமா என்றும் அவரையே கேளுங்கள். காலையில், வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். சாயங்காலம் கசிந்தாலும் மருத்துவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பார்.

அப்புறம், பல் எடுத்த வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஐபுபுரூஃபன் வாங்கித் தராதீர்கள். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

கேள்வி: அக்காவுக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறது. பல் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் அவசியமா?

பதில்: அவசியம். வாயும் இதயமும் சந்தேகமே இல்லாமல் சந்திக்கும் இடம் இதுதான். பல் எடுக்கும்போது வாய்க் கிருமிகள் ரத்தத்தில் இறங்கும். சாதாரண இதயத்தில் அவை ஒட்டுவது அபூர்வம். செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தான தொற்று. பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே ஒரு வேளை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தாலும், ருமாட்டிக் காய்ச்சலுக்காக அக்கா இன்னும் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் வேறு மருந்து தர வேண்டும். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துவிட்டுத்தான் பல்லில் கை வைப்பார்கள்.

முன்பு இந்தத் தொற்று வந்தவர்களுக்கும், பிறவி இதயக் கோளாறு சிலவற்றுக்கும் இதே முன்னெச்சரிக்கை உண்டு. பைபாஸ், ஸ்டென்ட் ஆட்களுக்குத் தேவையில்லை.

இன்னொன்று. சாப்பாட்டை மெல்லும்போதுகூடக் கிருமி ரத்தத்தில் இறங்குகிறது. ஆகவே வருஷத்துக்கு ஒரு மாத்திரையைவிடத் தினமும் சுத்தமான வாய்தான் அக்காவுக்குப் பெரிய காவல். காரணம் தெரியாத காய்ச்சல் நாள்கணக்கில் நீடித்தால் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுக்கும் முன் மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி பிடிபடாது.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். ஈறு தடித்துப் பல்லை மூடுகிற மாதிரி வளர்கிறது.

பதில்: அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும், வாயில் அழுக்கு இருந்தால் இன்னும் வேகமாக. நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள், வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

கேள்வி: சிகரெட்டை விட்டு ஒரு மாதம். இதுவரை வராத ரத்தம் இப்போது ஈறில் வருகிறது! விட்டதே தப்பா?

பதில்: சபாஷ், விட்டதுக்கு. நிகோடின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி நோயை மறைத்து வைத்திருந்தது. இப்போது திரை விலகியிருக்கிறது. க்ளீனிங் செய்துகொள்ளுங்கள், சிகரெட்டிடம் திரும்பாதீர்கள்.

கேள்வி: நல்லெண்ணெய் கொப்பளித்தால் இதய அடைப்பு கரையுமா?

பதில்: கரையாது.

கேள்வி: வயது 54. வாக்கிங் போகும்போது இடது கீழ்த்தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. எந்தப் பல் என்று பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: எக்ஸ்ரே இருக்கட்டும். இன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். பல் வலிக்காரர் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுவார், ஐஸ் தண்ணீர் பட்டால் துள்ளுவார். நடந்தால் வந்து நின்றால் போகும் வலி பல்லுக்குப் பழக்கமில்லை. நெஞ்சில் ஒன்றுமே தெரியாமல் தாடையில் மட்டும் இதய வலி வருவதுண்டு.

சில வருஷம் முன்பு ஒருவர் என்னிடம் வந்தார். எங்கே வலி என்றதற்கு உள்ளங்கையால் தாடை முழுவதையும் தடவிக் காட்டினார். பல்லைத் தட்டினேன், குளிர்ந்த பஞ்சை வைத்தேன், ஒன்றுமில்லை. எங்கள் க்ளினிக் முதல் மாடி. படியேறும்போதும் வலித்ததா என்றேன். "ஆமா, அதனாலதான் பாதியில நின்னு நின்னு வந்தேன்" என்றார். நாற்காலியிலிருந்து நேரே ஈ.சி.ஜி.க்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஸ்டென்ட் வைத்தார்கள்.

படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றாலும் திரும்பிவிடாதீர்கள். நடந்தால்தான் வருகிறது என்று சொல்லுங்கள், அதற்கேற்ற சோதனை செய்வார்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்து வியர்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.