குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மே மாதம் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். ரோட்டிலிருந்து ஐம்பது படி இறங்க வேண்டும். ஆறு சென்ட், கல் சுவர், தகரக் கூரை, பலகைத் தரை. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கோவையில் ஒரு ஃபிளாட்டுக்கு ஆகும் பணத்தைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். மைத்துனர் இடித்துக் கட்டச் சொல்கிறார். பலகையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டால் போதும் என்கிறார் மனைவி. வாங்கலாமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

வாங்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீட்டை ஐப்பசி மழையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது மே மாதத்து வீடு. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பர் 10 அன்று குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். அந்த மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

மழையில் போனால் முதலில் வீட்டின் பின்பக்கம் போங்கள். மேட்டை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுத்திருப்பார்கள். வெட்டிய மண்ணுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்க இடமும், அதில் ஒரு வாய்க்காலும் வேண்டும். மேலே ரோட்டிலிருந்து வரும் தண்ணீர் அதில் ஓடி வெளியே போகிறதா, தேங்கி அஸ்திவாரத்தில் இறங்குகிறதா? தடுப்புச் சுவரில் விட்டிருக்கும் குழாய்களில் தண்ணீர் வடிந்தால் நல்லது. இவ்வளவு மழையிலும் குழாய் காய்ந்து கிடக்க, சுவர் வயிறு தள்ளி நின்றால், பின்னால் தண்ணீர் அடைபட்டிருக்கலாம். அதைப் பிரித்துக் கட்டுவது பெரிய செலவு. பொக்லைனை அங்கே நினைத்தபடி இறக்க முடியாது, ஆட்சியர் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் உங்கள் ஐம்பது படியில் அது இறங்காது. மணல், சிமெண்ட், கம்பி எல்லாம் தலைச்சுமைதான்.

அப்புறம் உள்ளே போங்கள். பலகைத் தரைக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். அதற்காக வெளிச்சுவரின் அடியில் காற்றுத் துளை விட்டிருப்பார்கள். எலி வருகிறது என்று பின்னால் யாராவது அதைச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கலாம். அடைத்த துளைக்கு நேர் உள்ளே, சுவரோரப் பலகையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். மரம் தாங்கினால் சரி. டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் கீழே தாங்கும் கட்டையும் உளுத்திருக்கும். பயப்பட வேண்டாம், கட்டையை மாற்றலாம், துளையைத் திறந்துவிடலாம். ஆனால் மண் கொட்டி நிரப்பி டைல்ஸ் போடுவது மட்டும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். தரையடி ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் ஏறும், சுவர் உப்புப் பூக்கும். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய கல் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அரிது. தேடிப் பிடியுங்கள், அலைச்சலுக்குத் தகும்.

மைத்துனர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இடித்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஆறு சென்ட் சரிவு நிலம். புதுக் கட்டடத்துக்கு மலைப்பகுதி விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும், உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மண் சரியும் இடம் என்றால் அனுமதியே கிடைக்காமல் போகலாம். கல் சுவர் விரிசலில்லாமல் நின்றால் எதற்கு அந்த வம்பு?

தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்: அந்த ஐம்பது படியும் யார் நிலத்தில் இருக்கின்றன? வழிப் பாத்தியதை, அதாவது அந்த வழியில் நடக்கும் உரிமை, பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘இத்தனை வருஷமா நடந்துட்டுதானே இருக்கோம்’ என்று விற்பவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலம் கைமாறும் நாளில் அந்தப் பேச்சு மட்டும் போதாமல் போகலாம்.

வாங்கினால் முதல் செலவு வாய்க்காலுக்கும் கூரைக்கும்தான். சமையலறையும் பாத்ரூமும் ஒரு மழைக்காலம் பொறுக்கட்டும். நவம்பரில் போகும்போது பின்சுவரையும் தடுப்புச் சுவரையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.