கையை எரிக்கும் சவர்க்காரத்தை என்ன செய்வது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் ஒரு போத்தல், கடையில் பொலித்தீன் பையில் நிறுத்துத் தந்த கோஸ்டிக் சோடா 150 கிராம், வேப்பிலை அரைத்துக் கரைத்த தண்ணீர் இரண்டு டம்ளர். காணொளியில் பார்த்தபடிதான் சவர்க்காரம் செய்தேன். நாலு நாளாகியும் மேலே தண்ணீர் துளிர்க்கிறது. வெட்டினால் உதிர்கிறது, கை கழுவினால் எரிகிறது. பச்சையாக இருந்தது இப்போது சாணி நிறம். எறிந்துவிடவா? கோஸ்டிக் சோடாவே இல்லாமல் முழுக்க இயற்கையாகச் செய்ய வழி உண்டா? எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எந்தச் சவர்க்காரமும் நுரைக்காது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். சரியாக வந்தால் விற்கலாம் என்று ஓர் எண்ணமும் இருக்கிறது."

எறிய வேண்டாம், அதைக் காப்பாற்றலாம். ஆனால் இனி வெறும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகள் எடுக்கிற இடத்திலும் வைக்காதீர்கள்.

பிழை எங்கே என்று முதலில் கணக்குப் பார்ப்போம். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர் என்று எடுத்துக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, லீற்றருக்கு ஏறத்தாழ 920 கிராம்தான் வரும். அப்படியென்றால் உங்களிடம் இருந்தது 690 கிராம் எண்ணெய். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற 0.183 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். பெருக்கினால் 126 கிராம். நீங்கள் போட்டதோ 150. மிச்சம் 24 கிராமுக்குத் தின்ன எண்ணெய் இல்லை, அதனால் உங்கள் கையைத் தின்றது. போதாததற்கு இரண்டு டம்ளர் தண்ணீர் அந்த அளவு எண்ணெய்க்கு மிக அதிகம். துளிர்க்கும் தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை, கோஸ்டிக் கரைந்த தண்ணீர்.

வேப்பிலையிலோ எண்ணெயிலோ குற்றமில்லை. சவர்க்காரம் செய்வது கறி சமைப்பது போல இல்லை, கண்ணளவுக்கு அதில் இடமே கிடையாது. டம்ளர், போத்தல், கரண்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். எண்ணெய், தண்ணீர், கோஸ்டிக் மூன்றையும் கிராமில் நிறுக்க வேண்டும். தண்ணீரைக்கூடவா என்று கேட்பார்கள். ஆம், தண்ணீரையும்தான்.

கோஸ்டிக் சோடா இல்லாமல் செய்ய வழி உண்டா என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: இல்லை. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் சோடியம் ஐதரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான் இது. எண்ணெயும் இதுவும் சேர்ந்து சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. கணக்குச் சரியாக இருந்தால் கடைசியில் கட்டியில் கோஸ்டிக் மிஞ்சாது. அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சாம்பல் தண்ணீர் பயன்பட்டது உண்மை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் காபனேற்று. சுண்ணாம்பு சேர்த்துக் கடுமையாக்கினாலும் அதில் கிடைப்பது களி போன்ற மென்சவர்க்காரம். ஒவ்வொரு அடுப்புச் சாம்பலுக்கும் வலு வேறு என்பதால் கணக்கும் போட முடியாது. உருக்கி ஊற்றும் சவர்க்காரக் கட்டிகள் வாங்கி நிறமும் மணமும் சேர்க்கலாம், அது பாதுகாப்பான வேலைதான். ஆனால் அந்தக் கட்டியையும் யாரோ ஒருவர் காரம், அதாவது கோஸ்டிக் சோடா போன்ற பொருள், போட்டுத்தான் செய்திருப்பார். 'இரசாயனம் இல்லாத சவர்க்காரம்' என்று எழுதி விற்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, இப்போது கையில் இருப்பதை மீட்போம். கையுறை போட்டுக்கொண்டு அதைத் துருவுங்கள். துளிர்த்த தண்ணீரைத் துடைத்து ஊற்றிவிடாதீர்கள், அதுவும் கணக்கில் இருக்கிறது. ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் சில்வர் (துருப்பிடிக்காத உருக்கு) சட்டியை வைத்து, துருவலோடு மூன்று நாலு மேசைக்கரண்டி மழைத்தண்ணீரும் 300 கிராம் நல்லெண்ணெயும் சேருங்கள். நல்லெண்ணெய் கிராமுக்கு 0.134 கிராம் கோஸ்டிக்தான் எடுக்கும். 300 கிராம் சேர்த்தால் மிஞ்சிய காரம் முழுவதும் தீர்ந்து, பத்து வீதம் எண்ணெய் தோலுக்கென்று மிச்சமும் நிற்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சவர்க்காரம் தோலை வறட்டும், அந்தக் குறையும் இதில் கொஞ்சம் தீரும். மெல்லிய நெருப்பில் அவ்வப்போது கிளறிக்கொண்டிருந்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டிகள் கரைந்து, வசிலின் போல ஒளி ஊடுருவும் களியாகும். அச்சில் அள்ளிப் போட்டு அழுத்துங்கள். வழவழப்பாக வராது, அவல் உருண்டை மாதிரி முரடாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து நாக்குச் சோதனை செய்யுங்கள். ஈரவிரலைக் கட்டியில் தேய்த்து, அந்த விரலால் நாக்கு நுனியை ஒரு கணம் தொட வேண்டும். வெறும் சவர்க்கார ருசி என்றால் சரி. ஒன்பது வோல்ட் பற்றறியை நக்கியது போலச் சுள்ளென்று இருந்தால் காரம் இன்னும் மிச்சம், மறுபடி அடுப்பில் வையுங்கள். துளிர்க்கிற கட்டியில் இந்தச் சோதனை செய்யவே கூடாது.

அடுத்த முறைக்கு ஒரு சிறு அளவு தருகிறேன். தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100 கிராம், வேப்பெண்ணெய் 50 கிராம், கோஸ்டிக் சோடா 76 கிராம், தண்ணீர் 155 கிராம். பத்து வீதம் எண்ணெய் மிஞ்சும்படி போட்ட கணக்கு இது. கோயிலடி, குளக்கரை இலுப்பையில் கொட்டை பொறுக்கி ஆட்டிய எண்ணெய் கிடைத்தால் நல்லெண்ணெய்க்குப் பதில் அதே எடைக்குப் போடலாம், காரத்தின் கணக்கு அதிகம் மாறாது. வேப்பெண்ணெயை மட்டும் கூட்டாதீர்கள். பத்து வீதத்துக்கு மேல் போனால் குளியலறை முழுக்க அந்த மணம்தான், வீட்டுக்காரரே வேறு சவர்க்காரம் கேட்பார்.

கோஸ்டிக்கைத் தண்ணீருக்குள் போட வேண்டும். ஒருநாளும் கோஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வெடித்தது போலத் தெறிக்கும். கரையும்போது அடுப்பில்லாமலே 80 பாகைக்கு மேல் சூடேறும், மூச்சை அடைக்கும் புகையும் வரும். குசினிக்குள் வேண்டாம், வெளியே காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். கண்ணாடி, கையுறை, நீளக் கைச்சட்டை கட்டாயம். தோலில் பட்டால் வினாகிரி தேடி ஓடாமல், உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டு நேரே ஆசுபத்திரி.

பாத்திரம் சில்வராக அல்லது தடித்த பிளாத்திக்காக இருக்கட்டும். அலுமினியம் ஆகவே ஆகாது. நான் பழகத் தொடங்கிய காலத்தில் கைக்கு அகப்பட்ட அலுமினியச் சட்டியில் கரைசலை ஊற்றினேன். சில நொடியில் தண்ணீர் கறுத்து, பால் பொங்குவது போல நுரைத்து ஏறியது. வந்தது ஐதரசன் வாயு, பக்கத்தில் அடுப்பு எரியாதது என் நல்ல காலம். சட்டியின் உட்பக்கம் உளி வைத்துச் செதுக்கியது போலக் குழிந்து போயிருந்தது. அதே காரணத்துக்காகத்தான் குழாய் அடைப்பு எடுக்க விற்கும் தூளை வாங்க வேண்டாம் என்கிறேன், சிலவற்றில் அலுமினியத் துணுக்கும் கலந்திருக்கும். கோஸ்டிக் சோடாவும் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பொலித்தீன் பையில் முடிந்து வைத்தால் கசிந்து வலு குறையும், கணக்குப் பிசகும். இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள்.

கரைசலும் எண்ணெயும் ஆறி, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் குடிக்கும் பதத் தேத்தண்ணிச் சூடு என்று தோன்றும்போது கரைசலை எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். மத்தால் கடைந்தால் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ பிடிக்கும், கைமிக்சி இருந்தால் சில நிமிடம். தோசைமா போலத் தடித்து, அகப்பையால் இழுத்த கோடு மறையாமல் நிற்க வேண்டும். வெறும் பால்மாப் பெட்டிக்குள் எண்ணெய்த்தாள் விரித்தால் அதுவே அச்சு. யோகட் கப்பும் நல்லது. மறுநாள் காலையிலேயே கையுறையோடு வெட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள கட்டி சீக்கிரம் இறுகிவிடும், இரண்டு நாள் விட்டால் கத்தி பட்டதும் சில்லுச் சில்லாக உடையும்.

கிணற்றுத் தண்ணீருக்கு வருகிறேன். வன்னியில் பல கிணறுகளில் இருப்பது வன்னீர். (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.) கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிறது என்றால் உங்கள் கிணறும் அந்த இனம்தான். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பசையாகிவிடும். வாளி ஓரத்தில் ஒட்டும் சாம்பல்நிற ஆடை அதுதான். அந்தத் தாதுக்கள் தீரும்வரை நுரை வராது, அதனால் சவர்க்காரம் வீணாகக் கரைகிறது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இலோரிக் அமிலம் இருப்பதால் மற்ற எண்ணெய்களைவிட அது வன்னீரில் நன்றாக நுரைக்கும். மேலே அதைக் கூட்டிப் போட்டதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு வழி, சித்திரிக் அமிலம். மேலே சொன்ன அளவுக்கு 10 கிராமைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு, கோஸ்டிக்கை 76-க்குப் பதில் 82 கிராம் போடுங்கள். கூடுதல் 6 கிராம் அந்த அமிலத்துக்கு. இரண்டும் சேர்ந்து உண்டாகும் உப்பு கல்சியத்தைப் பிடித்துவைக்கும், பசை குறையும். முழுவதும் போய்விடும் என்று சொல்லமாட்டேன். அமிலத்துக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து ஊற்றாதீர்கள், அதன் புளிப்பு காய்க்குக் காய் மாறும், கணக்கு நிற்காது. குளித்து முடிந்த பிறகு தலைக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காய் பிழிந்து ஊற்றுங்கள், பிசுபிசுப்புப் போய்விடும்.

கோஸ்டிக் கரைக்க மட்டும் கிணற்றுத் தண்ணீரே வேண்டாம். குழாய்க்கிணற்றில் இரும்பு இருந்தால் கட்டியில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து எண்ணெய் சிக்கெடுத்துப் போகும். மாரியில் முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவிப் போன பிறகு பிடித்த மழைத்தண்ணீர் இதற்கு நல்லது. கோடையில் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

வேப்பிலை பற்றி. பச்சை இலையை அரைத்து ஊற்றினால் காரத்தில் அந்தப் பச்சை நிற்காது, நீங்கள் பார்த்த சாணி நிறம்தான் வரும். சக்கை ஈரத்தோடு உள்ளே இருந்தால் பூஞ்சணமும் பிடிக்கலாம். நிழலில் காயவைத்துத் தூளாக்கி ஒரு தேக்கரண்டி போடுங்கள், மீதி வேலையை வேப்பெண்ணெய் பார்க்கும். மஞ்சளிலும் இதே ஏமாற்றம் உண்டு. வெள்ளைச் சேலையில் பட்ட மஞ்சள் கறை சவர்க்காரம் போட்டதும் சிவக்கிறதல்லவா? கட்டிக்குள்ளும் அப்படியே முதலில் செங்கல் நிறம் காட்டும், பயப்பட வேண்டாம். வன்னித் தேன் சேர்க்க ஆசைப்பட்டால் ஒரு தேக்கரண்டி மட்டும், கூடினால் அச்சுக்குள்ளேயே கொதித்துப் பொங்கும். கறுவா, கராம்பு எண்ணெய்களைத் தொடாதீர்கள். கலவை கையிலேயே இறுகிவிடும், தோலையும் அரிக்கும்.

வெட்டிய கட்டிகளைக் காற்றோட்டமான நிழலில், இடைவெளி விட்டு, நாலு முதல் ஆறு கிழமை அடுக்கி வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நன்றாகக் காயும். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் மாரியில் கிளிசரின் ஈரத்தை இழுத்து, கட்டி வியர்த்தது போல் முத்து முத்தாகத் துளிர்க்கும். அது காரம் இல்லை, துடைத்தால் சரி. மேலே படியும் வெள்ளைத் தூளும் அப்படித்தான், துணியால் துடைத்துவிடலாம். 500 கிராம் எண்ணெயில் காய்ந்த பிறகு நூறு கிராம் கட்டி ஆறு தேறும்.

விற்பதானால் நாலைந்து தடவை ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் திகதி, எடை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒருவர் அரிக்கிறது என்று திரும்பி வந்தால் எந்த நாள் செய்த கட்டி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உறையில் சேர்த்த பொருட்களை எழுதுங்கள். சொறி, சிரங்கு போகும் என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் நீங்கள் மருந்து விற்கிறீர்கள், அதற்கான சட்டங்கள் வேறு. வணிகப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டுவதைவிடச் சின்னப் பனையோலைப் பெட்டி நல்லது, கட்டி மூச்சு விடும், பார்க்கவும் அழகு.

மீட்டெடுத்த முதல் சவர்க்காரத்தை மட்டும் விற்க வேண்டாம். நாக்குச் சோதனையில் தேறினாலும் அதன் தொடக்கக் கணக்கு கடைத் தராசை நம்பியது. உடுப்புத் தோய்க்கவும் சட்டி கழுவவும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.