பாஹாலு கேட்கிற பையன்

மழலைப் பேச்சு: பேச்சுப் பயிற்சியாளர் பதில்கள்

கேள்வி: நான் திருப்பூர்க்காரி. கல்யாணமாகிக் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, வந்தேன். கணவரும் அத்தையும் படுகு மொழி பேசுவார்கள். பையனிடம் நான் தமிழ். இரண்டு வயது முடிந்துவிட்டது. பாலை 'பாஹாலு' என்கிறான். பஸ் வந்தால் 'டுர்க்கா', தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நின்றால் 'ம்பூ'. 'மனெக்குப் போ' என்று கலந்து வேறு பேசுகிறான். பிளே ஸ்கூல் மிஸ், "ரெண்டு பாஷையில குழம்பிட்டான், வீட்டில் ஒரே பாஷை பேசுங்க" என்கிறார். அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அத்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மணி. அவர் பாட்டுக்குப் படுகில் பேசட்டும். இரண்டு மொழி காதில் விழுவதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. அப்படி ஆகுமென்றால் நீலகிரியில் பாதிப் பேர் ஊமையாக இருக்க வேண்டும்!

'பாஹாலு'வைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் பால், அத்தையின் ஹாலு. தமிழில் 'ப' வருகிற பல சொற்களுக்குப் படுகில், கன்னடம் போலவே, 'ஹ' வரும். மாமியார், மருமகள் இருவரையும் பகைத்துக்கொள்ளாமல் ஒட்டவைத்துவிட்டான் பையன். அவன் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

'மனெக்குப் போ' இன்னும் அருமை. வீட்டைக் குறிக்கிற படுகச் சொல்லில் தமிழ் 'க்கு'வைச் சரியான இடத்தில் சேர்த்திருக்கிறான். குழம்பியவன் செய்கிற வேலையா இது? வெர்னர் லியோபோல்ட் என்கிற மொழியியலாளர், ஜெர்மனும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த தன் மகளின் பேச்சைக் குறித்துவைத்து 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் பெண்ணும் முதலில் இப்படித்தான் கலந்து பேசி, பிறகு தானாகவே பிரித்துக்கொண்டாள்.

டுர்க்கா, ம்பூ விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டுர்க்கா என்றால் எப்போதும் பஸ்தானா? இன்று பஸ், நாளை பூனை என்று மாறாமல் இருந்தால் அதுவும் சொல்தான், கணக்கில் சேரும்.

எந்தக் கணக்கு என்கிறீர்களா? இரண்டு வயதில் குறைந்தது 50 சொற்கள் வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவும் வேண்டும். 'மனெக்குப் போ' சொல்கிறவன் இரண்டாவதில் பாஸ். முதலாவதற்கு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவன் சொற்களை எழுதுங்கள். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். உங்கள் காதில் விழாதவை அவரிடம்தான் இருக்கும். பால் என்றும் ஹாலு என்றும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டாக எண்ணலாம். தமிழில் 30, படுகில் 25 என்று வந்தால் அவனிடம் 55 இருக்கிறது. மிஸ் அந்த 30-ஐ மட்டும் பார்த்துப் பயந்திருக்கலாம்.

திருத்த வேண்டுமா? "தப்பு, பால்னு சொல்லு" வேண்டாம். டம்ளரை நீட்டி, "பால் வேணுமா? சூடா இருக்கு, ஊதிக் குடி" என்றால் போதும். அத்தை அதையே படுகில் சொல்லட்டும். அப்புறம், வந்த விருந்தாளி முன்னால் நிற்க வைத்து "எங்கே, பாஹாலு சொல்லு" என்று வேடிக்கை காட்டுவது. நம் வீடுகளைப் பிடித்த வியாதி அது, விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று, அவன் காது. சளி அடிக்கடி பிடிக்கிற குழந்தைக்கு நடுக்காதில் நீர் தேங்கலாம். வலி தெரியாது, ஆனால் கேட்பது மந்தமாகி, பேச்சு சுணங்கும். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா பாருங்கள். சந்தேகமாக இருந்தாலோ சொற்கள் 50-க்குக் கீழே இருந்தாலோ காது பரிசோதனை செய்துவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தால், எந்த வயதானாலும், காத்திருக்கவே கூடாது. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டினால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், இலவசம்.

கேள்வி: வீட்டில் மலையாளம், வெளியே தமிழ். மூன்று வயது மகள் கொஞ்ச நாளாக "நா... நா... நான்" என்று திக்குகிறாள். ஒரு மொழியை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பல குழந்தைகளுக்கு இது வந்து போகும். "மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுட்டுப் பேசு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகிக் கண்ணை மூடினாலோ, பேசவே தயங்கினாலோ ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது திக்குவாய் இருந்தால் ஆறு மாதமும் வேண்டாம், இப்போதே காட்டிவிடுங்கள்.