டினோவா, கரேராவா?

அன்புள்ள ஐயா,

பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய கட்டுரையில் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-ஐயும் ஃபெராரி நிறுவனம் தயாரித்த டினோ 246 ஜிடியையும் ஒரே மூச்சில் புகழ்ந்துவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஆர்எஸ் மொத்தமே 1,580. டினோ 246 வகைகளை எல்லாம் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அரிதானதற்குத்தானே மதிப்பு? சேகரிப்பவர் எதை வாங்க வேண்டும்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

தலையை எண்ணி மதிப்புப் போடுவதாக இருந்தால் போர்ஷேதான். ஆனால் அந்த 1,580-க்குள்ளேயே சாதிகள் உண்டு. பந்தய அனுமதிக்காக 500 கார்கள் தயாரித்தாக வேண்டும் என்ற விதியால் பிறந்த வண்டி அது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். அடுத்த மாதம் முடிவதற்குள் ஐந்நூறும் போய்விட்டன. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை 911 எஸ்-இன் சொகுசான உட்புறம் கொண்ட டூரிங் வகை. எடை குறைத்த ஸ்போர்ட் வகை 200 மட்டுமே. அதில் பின்னிருக்கை கிடையாது, கடிகாரம் கிடையாது. கதவை இழுத்துச் சாத்த ஒரு வார். முன்மூடியில் உலோகச் சின்னத்துக்குப் பதில் ஒட்டுப்படம். இத்தனை கஞ்சத்தனத்துக்குத்தான் இன்று கூடுதல் விலை!

தொல்லை என்னவென்றால், ஆர்எஸ் பார்வைக்கு இன்னொரு 911-தான். வாத்துவால் போன்ற பின்தகடு, அகன்ற பின்சக்கர வளைவு, பக்கவாட்டில் ‘கரேரா’ என்ற எழுத்து. இவற்றைச் சாதாரண 911-இல் பொருத்திவிட எந்த நல்ல பட்டறையாலும் முடியும். பொருத்தியும் இருக்கிறார்கள். ஆகவே சேஸிஸ் எண் 911360 என்று தொடங்குகிறதா, இன்ஜினில் 911/83 என்ற வகை எண் இருக்கிறதா என்பதில்தான் பேரமே ஆரம்பிக்கிறது. அவையும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். காகிதம் இல்லாத ஆர்எஸ்ஸைத் தொடாதீர்கள்.

டினோவை வேறொரு காரிலிருந்து உருவாக்கிவிட முடியாது. இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா வரைந்த அந்த உடலின் பின்கண்ணாடியைப் பாருங்கள்: உள்நோக்கி வளைந்து, கூரையிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் தகடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதன் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது 2.4 லிட்டர் வி6 இன்ஜின். ஃபெராரி நிறுவனர் என்சோ ஃபெராரி, இளம் வயதில் இறந்த தன் மகனின் பெயரை வைத்த கார். ஆனால் ஃபெராரி என்ற பெயரையும் அதன் குதிரைச் சின்னத்தையும் அதற்குக் கொடுக்கவில்லை. இன்ஜினின் பங்காளி ஃபியட் வண்டியிலும் ஓடியதால், ‘அசல் ஃபெராரி இல்லை’ என்ற ஏளனத்தை நெடுங்காலம் சுமந்தது. பிற்பாடு குதிரையை ஒட்டிக்கொண்ட உரிமையாளர்கள் பலர். அதை மோசடி என்று சொல்லமாட்டேன். தாழ்வு மனப்பான்மை, அவ்வளவுதான்.

வேகத்தில் ஆர்எஸ் முந்தும்: 210 குதிரைத்திறனுக்கு எதிரே டினோவுக்கு 195. ஓட்டிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள், பதிவுகளும் கையில் இருக்கின்றன என்றால் அதையே வாங்குங்கள். என்னைக் கேட்டால் டினோ.

ஆனால் 246-இன் உடல் எஃகு. துரு அதைக் கரையானைப்போல உள்ளிருந்து தின்னும். புதுப் பெயின்டின் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவுகளின் உட்புறமும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, துருவை மறைக்கப் பூசிய பட்டி. விலையை அதற்கப்புறம் பேசுங்கள்.